தேவகி வெட்டிய ஓரங்கள்

வழக்கமாக இந்தப் பக்கத்தில் நான் அடிக்கும் அரட்டை இந்த வாரம் இருக்காது. சிரிக்கலாம் என்று வந்தவர்கள் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுங்கள். கோபித்துக்கொள்ள மாட்டேன்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை. காலை பதினொரு மணி இருக்கும். திருப்பதியில் என் வீட்டு வாசலில் பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பாலசமுத்திரத்தில் இருந்து போன். என் தங்கை மகள் லாவண்யா.

“மாமா, அம்மா கையில இன்னா இது… ஊசியா?”

“எந்தக் கையில? எங்க?”

“நீ லேப்டாப்புல போட்டுக் குடுத்த போட்டோல. கட்டில் மேல ஒக்காந்துக்கினு சிரிக்கறாங்க. கையில பிளாஸ்டர் போட்டு ஊசி சொருகிக் கீது. பக்கத்துல பாட்டில் தொங்குது. இது எந்த ஆஸ்பத்திரி மாமா?”

அந்தப் படம் அவள் கண்ணில் பட வழியே இல்லை. படக் கூடாது என்பதற்காகத்தானே ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்து அத்தனை படங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன்?

“இரு, நான் நேர்ல வரேன்” என்று மட்டும் சொன்னேன்.

லாவண்யாவின் அம்மா, என் ஒரே தங்கை தேவகி, அதற்கு இரண்டு மாதம் முன்புதான் இறந்திருந்தாள். காய்ச்சல் வந்தது, திடீரென்று இதயம் நின்றுவிட்டது — இதுதான் மகளுக்குச் சொல்லப்பட்டது. உண்மையில் கேன்சர். பதினோரு மாதம் வைத்தியம் நடந்தது. அது மகளுக்குத் தெரியவே கூடாது என்று தேவகி எங்களிடம் சத்தியம் வாங்கியிருந்தாள்.

முதலில் இருந்து சொல்கிறேன்.

தேவகி சித்தூர் மாவட்டத்து பாலசமுத்திரத்தில் வாழ்க்கைப்பட்டவள். கணவர் லோகநாதனுக்கு மாந்தோப்பு, கொஞ்சம் கரும்பு. அவள் பக்கத்தில் ஒரு சின்ன பள்ளிக்கூடத்தில் டீச்சர். மகள் லாவண்யா சித்தூரில் ஒரு ரெசிடென்ஷியல் காலேஜில் இன்டர் இரண்டாம் வருஷம், அதாவது ப்ளஸ் டூ; பைபிசி என்கிற உயிரியல் குரூப். டாக்டர் ஆக வேண்டும் என்பது வீட்டில் எல்லோருடைய ஆசை.

இந்த ரெசிடென்ஷியல் காலேஜ்களைப் பற்றி ஆந்திராவில் இருக்கும் வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக — விடியற்காலையில் எழுப்புவார்கள், தூங்கப் போகும் வரை படிப்பு, போன் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் கேட் பக்கத்தில் நின்று பிள்ளையைப் பார்க்கலாம். பேச்சு சூடு பிடிப்பதற்குள் வாட்ச்மேன் “டைம் அயிப்போயிந்தம்மா”, நேரம் முடிந்தது என்று விரட்ட ஆரம்பித்துவிடுவார்.

போன வருஷம் ஜூனில் தேவகிக்குக் கேன்சர் என்று தெரிந்தது. திருப்பதியில் ஒரு ஆஸ்பத்திரி. டாக்டர் சொல்லி முடித்ததும் என் தங்கை கேட்ட முதல் கேள்வி இது:

“பாப்பாக்கு மே மாசம் பரீட்ச சார். அதுவரைக்கும் தாங்குமா?”

நம் ஊரில் பரீட்சைக்காக எதைத்தான் தள்ளிப்போடவில்லை? கல்யாணத்தைத் தள்ளிப்போடுகிறோம். கிரகப்பிரவேசத்தைத் தள்ளிப்போடுகிறோம். கேபிள் ஒயரைப் பிடுங்கி பீரோவுக்குள் வைக்கிறோம். சொந்தத்தில் யாராவது தவறிவிட்டால்கூட, பிள்ளை பேப்பர் எழுதிவிட்டு வரட்டும், பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்கிறோம். அந்த வரிசையில் நாங்கள் கேன்சரையும் சேர்த்தோம். தேவகி, லோகநாதன், நான், என் மனைவி — நாலு பேருக்குத் தெரியும். நாலு பேரில் ஒருவருக்கும் இதில் தப்பு இருப்பதாகத் தோன்றவில்லை.

முதல் கீமோ முடிந்தது. இரண்டு வாரத்தில் முடி கொட்டும் என்றார்கள்.

“கொட்டறதுக்கு முன்னாடி நானே பெருமாளுக்குக் குடுத்துட்றேண்ணா” என்றாள் தேவகி. மலையடிவாரத்து அலிபிரியில் இருந்து நடந்தே போகிறேன் என்று அடம். நான் விடவில்லை, பஸ்ஸில் ஏற்றிக் கூட்டிப் போனேன். மொட்டை போட்டு, தலையில் சந்தனம் பூசிக்கொண்டு சிரித்தபடி மலையிறங்கினாள்.

திருப்பதியில் ஒரு வசதி உண்டு. மொட்டைத் தலையோடு ஒரு பெண் நடந்து போனால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஏன் என்று கேட்க மாட்டார்கள். வேறு ஊரில் என்றால் தலையில் துணியைச் சுற்றிக்கொண்டு ஒளிந்து ஒளிந்து போக வேண்டியிருந்திருக்கும். இங்கே கீமோ முடிந்த கையோடு காய்கறி மார்க்கெட்டுக்குப் போய் கத்தரிக்காய் பேரம் பேசிவிட்டு வந்தாள்.

பாலசமுத்திரத்தில் மட்டும் கேட்டார்கள். மூன்று மாதம் கழித்தும் முடி வளரவில்லையே? “மூணு மொட்டைன்னு வேண்டிக்கினேன்” என்றாள். இதெல்லாம் அவளுக்கு எப்படித்தான் தோன்றுமோ…

மகளிடமும் அதே கதைதான். நீ டாக்டர் ஆவணும்னு வேண்டுதல், அதான் மொட்டை. கேட் பக்கத்தில் நின்று இதைச் சொன்னபோது லாவண்யாவுக்கு வந்தது கோபம். பதினேழு வயசுப் பெண். பின்னால் தோழிகள் நிற்கிறார்கள்.

“எனக்காகன்னு யாரும்மா இதெல்லாம் பண்ணச் சொன்னது? தலையில துணியாவது கட்டிக்கினு வரக்கூடாதா? எல்லாரும் பாக்கறாங்க. அடுத்த வாட்டி ரோட்டுக்கு அந்தாண்டயே நில்லு, நான் வந்து பாக்கறேன்.”

அன்று சாயங்காலம் திருப்பதிக்கு வந்து இதை என்னிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள் தேவகி. “நம்ம நடிப்பு அவ்ளோ நல்லா கீதுண்ணா!” என்றாள். அடுத்த ஞாயிறு ரோட்டுக்கு அந்தப் பக்கமே நின்றாள்.

போகப்போக அதற்கும் உடம்பு இடம் கொடுக்கவில்லை. லோகநாதன் மட்டும் போய்வந்தார். அப்போதுதான் தேவகி போட்டோ அனுப்ப ஆரம்பித்தாள். அவள் போனில் எடுப்பது, புருஷன் போனுக்கு அனுப்புவது. ஞாயிற்றுக்கிழமை கேட்டில் அப்பா போனை நீட்டுவார், மகள் பார்ப்பாள். அம்மா வீட்டில் இருக்கிறாள், பள்ளிக்கூடத்தில் டிரைனிங், திருப்பதியில் மாமா வீட்டுக்கு வந்திருக்கிறாள். எல்லாப் படத்திலும் சிரிப்பு.

ஒருநாள் வார்டில் அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஊசி போடாத கையின் கட்டை விரலால் போனை ரொம்ப நேரமாக நோண்டிக்கொண்டிருந்தாள்.

“இன்னா பண்ணிக்கினு கீற?”

“ஆஸ்பத்திரிய வெட்டிக்கினு கீறேண்ணா.”

காட்டினாள். நான் ஐந்து நிமிடம் முன்னால் எடுத்த படம். கட்டிலின் கம்பியை வெட்டியிருந்தாள். பாட்டில் ஸ்டாண்டை வெட்டியிருந்தாள். கையில் இருந்த ஊசி படத்தில் மறைந்துபோயிருந்தது, தேய்த்து அழித்துவிட்டாள். வெளுத்துப்போன முகத்துக்குக் கொஞ்சம் சிவப்பு ஏற்றியிருந்தாள். பின்னால் இருந்த மஞ்சள் சுவர் மட்டும் மிச்சம். பார்த்தால் ஏதோ கல்யாண வீட்டில் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தது. ஒரு படத்துக்கு அரை மணி நேரம் ஆகும் என்றாள். நடுவில் இரண்டு தடவை வாந்தி எடுத்தாள்.

சங்கராந்திக்கு லாவண்யாவுக்கு மூன்று நாள் லீவு. மூன்று நாளும் தேவகி எழுந்து நின்று பலகாரம் சுட்டாள். நாலாவது நாள் ரத்தத்தில் அணுக்களின் கவுண்ட் இறங்கி திருப்பதியில் அட்மிட் ஆனாள். அதற்கு அடுத்த ஞாயிறு லாவண்யாவின் பிறந்தநாள். அன்றைக்கும் படம் போனது. டிரைனிங் என்று செய்தியும் போனது.

மே மாதம் மெடிக்கல் நுழைவுப் பரீட்சை வந்தது. லாவண்யா எழுதி முடித்தாள். ஐந்தாவது நாள் தேவகி போய்விட்டாள். காலேஜில் இருந்து வந்து கடைசி இரண்டு நாள் வீட்டில் மகள் பார்த்தாள் — வாயில் மாஸ்க், காய்ச்சல் என்று சொல்லியிருந்தோம். நம்பினாள்.

அதற்கு முந்தின வாரம் தேவகி எங்களிடம் சொன்னது இதுதான்: “அவளுக்கு ஜுரம்னே சொல்லுங்க. தெரிஞ்சா, அம்மா நோவுல கெடந்தப்ப தூர நில்லுன்னு சொன்னேனேன்னு ஆயுசு பூரா அழுவா. அது வேணாம்.”

ரிசல்ட் வந்தது. சீட் கிடைக்கிற மார்க்தான். அம்மாவின் போன் எனக்கு வேணும் மாமா, காலேஜுக்கு எடுத்துக்கினு போறேன் என்றாள் லாவண்யா.

அந்தப் போனில் என்னவெல்லாம் இருக்கும்? ஆஸ்பத்திரி மெசேஜ், லேப் ரிப்போர்ட், டாக்டர் நம்பர். எல்லாவற்றையும் அழித்துப் புதுசு மாதிரி ஆக்கிக் கொடுப்பது என்று முடிவு செய்தேன். போட்டோக்களை மட்டும் முதலில் லாவண்யாவின் லேப்டாப்புக்கு மாற்றிவிட வேண்டும். கம்ப்யூட்டர் விஷயத்தில் நம் குடும்பத்தில் நான்தானே புலி!

மாற்றுவதற்கு முன்னால் போனிலேயே எல்லாப் படத்தையும் பார்த்தேன். ஆயிரத்துக்கும் மேல். ஒரு படத்திலாவது ஆஸ்பத்திரி தெரிந்தால் அழித்துவிடலாம் என்று. ஒன்றுகூட இல்லை. அவ்வளவு சுத்தமாக வேலை பார்த்திருந்தாள் என் தங்கை. எனக்கு நிம்மதியாகவும் இருந்தது, அழுகையாகவும் இருந்தது.

பிறகு கேபிளைச் சொருகினேன். எல்லாம் லேப்டாப்புக்கு வந்தது. பார்த்தால், நிறைய படங்கள் இரண்டிரண்டாக வந்திருந்தன. ஒரே நம்பர்… ஒன்றில் மட்டும் நம்பருக்கு முன்னால் E என்று ஓர் எழுத்து. கூடவே திறக்கவே மாட்டேன் என்கிற குட்டிக் குட்டி ஃபைல்கள். டூப்ளிகேட், குப்பை என்று நினைத்தேன். E போட்டதை எல்லாம் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து அழித்தேன். குட்டி ஃபைல்களையும் அழித்தேன். திரும்ப வர முடியாதபடி அழித்தேன். நான் சுத்தக்காரன் இல்லையா? பிறகு போனில் இருந்ததையும் மொத்தமாகத் துடைத்து, இரண்டையும் லாவண்யாவிடம் கொடுத்தேன்.

லேப்டாப்பில் ஒரு படத்தைக்கூடத் திறந்து பார்க்கவில்லை. எதற்கு? அதான் போனிலேயே எல்லாம் பார்த்தாயிற்றே.

இனி தொழில்நுட்பம். போனில் நீங்கள் படத்தை வெட்டினால், கலர் மாற்றினால், போன் பழைய படத்தைத் தூக்கிப் போடுவதில்லை. அதை அப்படியே உள்ளே வைத்துக்கொண்டு, இங்கே வெட்டு, அங்கே அழி என்று நீங்கள் சொன்னதைத் தனியாக எழுதி வைத்துக்கொள்கிறது. திரையில் காட்டுவது திருத்திய படம். கேபிளில் அனுப்பும்போது பல போன்கள் பழைய படத்தையும் சேர்த்து அனுப்பிவிடும். தேவகியின் போனில் E போட்டு வந்ததுதான் திருத்திய படம். அந்தக் குட்டி ஃபைல்கள்தான் அவள் செய்த வேலையின் குறிப்பு. நான் வைத்துக்கொண்டது, அவள் வெட்டுவதற்கு முந்தையது.

இது எனக்கு அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகுதான் தெரியும்.

மத்தியானம் பாலசமுத்திரம் போய்ச் சேர்ந்தேன். லோகநாதன் கிணற்று மோட்டார் ரூம் பக்கம் போய் உட்கார்ந்திருந்தார். “நீங்களே பேசுங்க மச்சான், என்னால முடியல” என்றார்.

உள்ளே லாவண்யா லேப்டாப்பை ஒரு பக்கம் வைத்திருந்தாள். அப்பாவின் போனை இன்னொரு பக்கம். இரண்டிலும் ஒரே படம். ஒன்றில் மஞ்சள் சுவர் முன்னால் அம்மா சிரிக்கிறாள். இன்னொன்றில் அதே சிரிப்பு, கூடவே ஊசி, பாட்டில், கட்டில் கம்பி, பக்கத்துக் கட்டில் அம்மாளின் கால். ஓரத்தில் டம்ளர் பிடித்தபடி ஒரு கை. என் கைதான், கடிகாரத்தோடு; அன்று படம் எடுத்தது ஒரு நர்ஸ்.

“இது என் பொறந்த நாளு” என்றாள். “டிரைனிங்னு நைனா சொன்னாரு. நான் போன் பாத்துட்டு, பொறந்த நாளுக்குக்கூட வரமுடியாத அளவுக்கு இன்னா டிரைனிங்னு நைனாகிட்ட கத்தினேன்.”

நான் எல்லாவற்றையும் சொன்னேன். மறைக்க இனி என்ன இருக்கிறது? அவள் அழவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

“யார் யாருக்குத் தெரியும்?”

“எனக்கு, உங்க நைனாவுக்கு, உங்க அத்தைக்கு.”

“எல்லாருக்கும். எனக்கு மட்டும் தெரியாது.”

“அம்மாதான் சொல்ல வேணாம்னு…”

“அவங்க சொல்வாங்க. சாவப்போறவங்க ஆயிரம் சொல்வாங்க. நீ பெரியவன்தானே மாமா? உனுக்கு புத்தி எங்க போச்சு? ஒரு நாள், ஒரே ஒரு நாள் கூட்டிக்கினு வந்து காட்டியிருந்தா நான் பரீட்ச எழுதாம பூடுவேனா? நான் அவங்கள ரோட்டுக்கு அந்தாண்ட நிக்கச் சொன்னேன் மாமா. வெயில்ல நின்னாங்க. ஒடம்புல அந்த நோவ வெச்சிக்கினு நின்னாங்க.”

தேவகி எதற்குப் பயந்தாளோ அது என் கண் முன்னால் நடந்துகொண்டிருந்தது. பதினோரு மாதம் ஒற்றைக் கட்டை விரலால் அவள் மறைத்ததை நான் ஒரே கிளிக்கில் கொட்டிவிட்டேன். எனக்கு வெட்கமாக இருந்தது. எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது.

அப்பாவின் போனை எடுத்துக்கொண்டு கேட்டாள். “நைனா போன்ல முப்பதோ நாப்பதோதான் கீது. மீதியெல்லாம் எங்க? அம்மா வெட்னது?”

அழித்துவிட்டேன் என்றேன். போனில்? துடைத்துவிட்டேன். கிளவுடில்? அங்கே இடம் தீர்ந்துபோய் ஒரு வருஷம் ஆகிறது.

லேப்டாப்பை மூடினாள்.

“காட்டணும்னு அம்மா நெனச்சத அழிச்சிட்ட. காட்டக்கூடாதுன்னு நெனச்சத எனக்குக் குடுத்துட்ட” என்றாள்.



வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. போனில் இருந்து படம் மாற்றுகிறீர்களா? இரண்டிரண்டாக வந்தால் இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள். திறக்காத ஃபைலை எல்லாம் குப்பை என்று நினைக்காதீர்கள். லேப்டாப்பில் ஒவ்வொரு படத்தையும் திறந்து பாருங்கள். போனில் பார்த்த படம்தானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். அதற்குப் பிறகு ஒரு மாதமாவது போனைத் தொடாதீர்கள். இடம் போதாவிட்டால் ஒரு பென் டிரைவ் வாங்குங்கள். யாரோ ஒருவர் உட்கார்ந்து அதில் வேலை செய்திருக்கிறார்.

இதை எழுதலாமா என்று லாவண்யாவிடம் கேட்டேன். “எழுது, ஊர்ல இன்னும் எத்தினி வீட்ல இதே மாதிரி மறைச்சிக்கினு கீறாங்களோ” என்றாள். அதனால்தான் எழுதுகிறேன்.

போன ஞாயிறு பாலசமுத்திரம் போயிருந்தேன். கூடத்துச் சுவரில் தேவகியின் படம் மாட்டியிருக்கிறது. மாலை போட்டு, பொட்டு வைத்து. எந்தப் படம் என்று பார்த்தேன். அந்தப் பிறந்தநாள் படம்… ஆஸ்பத்திரியோடு. ஊசி, பாட்டில், கட்டில் கம்பி, என் கை — ஒன்றும் வெட்டவில்லை. சித்தூரில் ஃப்ரேம் போட்ட ஸ்டுடியோக்காரர், இதையெல்லாம் எடுத்துட்டு நீட்டாப் பண்ணித் தரேன்மா என்றாராம். ஒரு கோடுகூட எடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டாளாம். லோகநாதன் அந்தப் பக்கம் திரும்புவதே இல்லை.

நான் இருக்கும்போதே சொந்தக்காரப் பெண்மணி ஒருவர் வந்தார். படத்தைப் பார்த்துத் திகைத்துப்போனார். “இன்னாடியம்மா இது, ஆஸ்பத்திரில கெடந்தாளா? நீ பக்கத்துல இல்லியா?”

லாவண்யா தண்ணீர்ச் சொம்பை அவர் கையில் கொடுத்தாள். சாதாரணமாகத்தான் சொன்னாள்.

“எனக்குப் பரீட்ச இருந்திச்சு.”